கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு கடல் குளிக்கப் போவது: அலை அடங்கிய கரைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இருப்பவர்களுக்குக் கடல் பக்கத்து ஒழுங்கை மாதிரி. காலி வீதியிலிருந்து கீழே இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைக் குளிக்க இறக்க அந்தக் கடல் சரிப்படாது. எதிரே தடுக்க ஒன்றுமில்லாத திறந்த கடல் அது. அலை நேராகக் கரையில் வந்து விழும், போகும்போது கால் மணலையும் சேர்த்து இழுக்கும். மழை பெய்த மறுநாள் வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் ஊர் அழுக்கையெல்லாம் கொண்டுவந்து அங்கேதான் கொட்டும்.

குடும்பமாகக் குளிக்க, அலையை முன்னால் நின்று வாங்கிக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கிற கரை வேண்டும். ஒரு மலைமுனை, ஒரு முருகைக்கல் (பவளப்பாறை) வரிசை, அல்லது துறைமுகக் குடா. அப்படிப்பட்ட கரைக்குச் சரியான மாதத்தில் போனால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதி, தண்ணீருக்குள் பெரியவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கரையைத் தெரிவு செய்வதற்கு முன் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். இலங்கையில் கடலின் குணத்தைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அதாவது சோளகம். அப்போது கொழும்பிலிருந்து மாத்தறை வரை மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும். மார்கழி, தை, மாசியில் வாடைக்காற்று. அப்போது கிழக்கு கொந்தளிக்கும், காலிப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தெற்குக்கு மிக நல்ல காலம் டிசெம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரை. கிழக்குக்கு மே முதல் செப்டெம்பர் வரை.

கொழும்புக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது ஓகஸ்ட் விடுமுறையில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, காலி பக்கத்தில் இருக்கிறது, சரி போவோம் என்று கிளம்பிவிடுவார்கள். டிசெம்பரில் கண்ணாடி மாதிரி இருந்த அதே குடா ஓகஸ்டில் வேறு முகம் காட்டும். துறைமுகக் குடாதானே, உள்ளே அமைதியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1659 ஆம் ஆண்டு ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் அவொண்ட்ஸ்டர் என்ற கப்பல் காலித் துறைமுகத்துக்குள்ளேயே நங்கூரம் நழுவிக் கரையில் மோதி மூழ்கியது. அதுவும் இந்தச் சோளகக் காலத்தில்தான். அந்தச் சிதைவைப் பின்னர் கடலடித் தொல்லியலாளர்கள் ஆய்வு செய்தார்கள். நங்கூரம் போட்ட கப்பலுக்கே அந்தக் கதியென்றால் காற்றடித்த ரியூப் போட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஓகஸ்டில் கிழக்கு. டிசெம்பர் விடுமுறையில், அல்லது தை, மாசியின் ஏதாவது ஒரு சனிக்கிழமையில் தெற்கு. பௌர்ணமி போயா நாட்களையும் சித்திரைப் புத்தாண்டு வாரத்தையும் முடிந்தால் தவிருங்கள். கூட்டத்தில் பிள்ளையைக் கண்ணால் பிடித்து வைத்திருப்பது கடினம்.

எந்தக் கரை?

பக்கத்தில் இருப்பவற்றை முதலில் முடித்துவிடுவோம். காலி முகத்திடல் காற்று வாங்கவும் இஸ்ஸோ வடை சாப்பிடவும் நல்ல இடம், குளிக்க அல்ல. வெள்ளவத்தைக் கின்றோஸ் பக்கம் கல்பார் (கடலுக்குள் கிடக்கும் பாறை வரிசை) கொஞ்சம் அலையைத் தாங்கும். அங்கே பழகியவர்கள் குளிக்கிறார்கள், நீச்சல் கழகமும் இருக்கிறது. ஆனால் கல் எங்கே, குழி எங்கே என்று தெரிந்தவர் கூட இல்லாமல் பிள்ளைகளை இறக்க வேண்டாம். கல்கிசையில் அரிப்பைச் சமாளிக்க 2020 இல் மணல் கொட்டிப் பார்த்தார்கள். கடல் தன் பாட்டுக்குக் கரையின் சரிவை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது. கால் நனைக்கலாம், மாலையில் நடக்கலாம். போர்ட் சிட்டியின் செயற்கைக் கரை அலைதாங்கிக்குள் இருப்பதால் சாதுவாகத் தெரியும். அமைதி வேறு, ஆழம் வேறு. அங்கே குளிக்க எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்பதைக் காவலில் இருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள்.

ஒரு நாளில் போய் வருவதற்கு என்னுடைய தெரிவு காலிக்கு அப்பால் உள்ள ருமஸ்ஸலக் குன்று. இராம இராவணப் போரில் அனுமன் தூக்கிவந்த சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்த இடம் என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு வழியில் சொல்ல ஒரு கதையும் ஆயிற்று. அந்தக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதால் அதன் இரண்டு பக்கமும் அலை அடங்கிய கரைகள் கிடைக்கின்றன.

கிழக்குப் பக்கம் உனவட்டுன. நீண்ட பிறை வடிவக் குடா, முன்னால் முருகைக்கல், மேற்கு ஓரத்தில் பாறையின் மேல் ஒரு கோயில். அந்த ஓரத்தில்தான் பொதுவாக அலை மிகக் குறைவு. சாப்பாட்டுக் கடைகள், ஷவர், கழிப்பறை எல்லாம் நடக்கும் தூரத்தில் உண்டு. ஒரு குறை: அலைதடுப்பு கட்டிய பிறகு இங்கே மணல் அரித்து, 2015 இல் திரும்ப மணல் நிரப்பினார்கள். சில இடங்களில் கரை சட்டென்று இறங்கும். நான்கு அடி வைத்தால் முழங்கால், ஐந்தாவது அடியில் இடுப்பு என்று இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஐம்பது யார் தள்ளிப் பாருங்கள்.

மேற்குப் பக்கம் ஜங்கிள் பீச். காலித் துறைமுகக் குடாவின் வாயில், கோட்டைக்கு நேரெதிரே ஒளிந்திருக்கும் சின்னக் கரை. குன்றின் மேல் ஜப்பானிய அமைதித் தாதுகோபத்துக்குப் பக்கமாகப் போய், மரங்களுக்கிடையே இறங்க வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் குளம் போல இருக்கும். ஆனால் இறக்கம் செங்குத்து, கரை சிறியது, குடாவில் மிதக்கும் குப்பை சில நாட்களில் இங்கே ஒதுங்கும். அம்மம்மாவை அழைத்துப்போவதானால் உனவட்டுன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் என்றால் ஜங்கிள் பீச்.

ஹிக்கடுவவின் முருகைக்கல் பகுதி 2002 முதல் தேசியப் பூங்கா. கரையோரமாக ஆமை வரும். அழகுதான். ஆனால் காலடியில் கல், பக்கத்தில் கண்ணாடிப் படகு, ஆமையைச் சுற்றிக் கூட்டம். மீன் பார்க்கப் போகலாம், சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்ட அல்ல. மாத்தறைப் பொல்ஹேனவை நம்மவர்கள் அவ்வளவாக எண்ணுவதில்லை. முருகைக்கல் வரிசைக்கு உள்ளே ஆழம் குறைந்த தண்ணீர், உள்ளூர்க் குடும்பங்கள் நிறைய. நேரம் இருந்தால் காலியைத் தாண்டி அதுவரை போய்ப் பாருங்கள்.

ஓகஸ்ட் என்றால் திருகோணமலை. நிலாவெளியை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது திறந்த கடலைப் பார்த்த கரை. பிள்ளைகளுக்கு மார்பிள் பீச் மேல். கொட்டியாரக் குடாவுக்குள், சீனக்குடாப் பக்கம், விமானப்படையின் பராமரிப்பில் இருக்கிறது. டிக்கெட் உண்டு, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். இரண்டு பக்கமும் பாறைக் குன்று, நடுவில் அலையே இல்லாத தெளிந்த தண்ணீர். மட்டக்களப்புப் பக்கமென்றால் பாசிக்குடா. அங்கே வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அதுவே அதன் பொறியும்: பிள்ளை உங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது தெரியவே தெரியாது. இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் போய்வர நினைக்க வேண்டாம், ஓரிரவாவது தங்குங்கள்.

போய்ச் சேர்வது

இனி உனவட்டுனவை வைத்தே சொல்கிறேன். ரயிலில் போவதானால் கரையோரப் பாதை, மாத்தறைப் பக்கம் போகும் வண்டி. காலி வரை ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம். போகும்போது வலது பக்க யன்னல்தான் கடல் பக்கம், பிள்ளைகள் அதற்குச் சண்டை பிடிப்பார்கள். விடுமுறை நாளில் வெள்ளவத்தையில் ஏறினால் இடம் கிடைப்பது சந்தேகம். கோட்டைக்கோ மருதானைக்கோ போய் ஏறுங்கள், கொஞ்ச நேர அலைச்சல் மூன்று மணி நேர நிற்பை மிச்சப்படுத்தும். காலியில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள், ஏறுமுன் விலை பேசுங்கள்.

வான் வண்டியில் போனால் கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி, பின்னதூவவில் இறங்க வேண்டும். இடையில் வெலிப்பென்னவில் கழிப்பறை இருக்கிறது. பிள்ளைகள் "வரேல்லை" என்று சொன்னாலும் அங்கே ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு மாகும்புரவிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதை பஸ் உண்டு.

எதில் போனாலும் எட்டரை, ஒன்பதுக்குள் கரையில் நிற்பதுபோலக் கிளம்புங்கள். காலையில் தண்ணீர் தெளிவாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது. பத்தரைக்கு மேல் வெயில் முதுகை உரிக்கும். பின்னேரம் கடற்காற்று எழும்பிச் சின்னச் சின்ன அலைகள் தொடங்கும்.

பையில் என்ன?

ஆளுக்கொரு துவாய், மாற்றுடுப்பு, ஈரத் துணிக்குத் தடித்த பொலித்தீன் பை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) இரண்டு பக்கெட், சின்ன முள் பிடுங்கி, பிளாஸ்டர். கல் இருக்கும் கரைகளுக்கு ரப்பர் செருப்பு போதாது, தண்ணீரில் கழன்று மிதக்கும். பழைய சப்பாத்தைப் போட்டுவிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் வேண்டாம். தண்ணீருக்குள் அவை காணாமல் போய்விடும். செம்மஞ்சளும் கிளிப்பச்சையும் தூரத்திலிருந்தே தெரியும். பெண்கள் சல்வாரோடு இறங்குவது நம்மிடையே வழக்கம், அதில் பிழையில்லை. ஆனால் துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடுங்கள், கால்சட்டை கணுக்காலில் இறுக்கமானதாக இருக்கட்டும். நனைந்த சேலையோடு ஆழத்துக்குப் போகவே வேண்டாம், அந்தப் பாரம் காலைச் சுற்றும்.

நகை. பிள்ளையின் சங்கிலி, கைச்செயின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றுங்கள். தண்ணீரில் ஊறினால் விரல் சுருங்கும், மோதிரம் தானாக நழுவும். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் அதை உள்ளே விட்டு, கழுத்தோடு ஒட்டிய மேற்சட்டை போட்டு, இடுப்பளவுத் தண்ணீரோடு நின்றுகொள்ளட்டும். கடலில் விழுந்த தங்கத்தைத் தேடி ஆழத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அதுதான் பெரிய ஆபத்து.

சாப்பாட்டுக்கு வடை, பணிஸ், இடியப்பமும் சம்பலும் போதும். வயிறு முட்டச் சோற்றுப் பார்சலைக் குளித்து முடித்த பிறகு அவிழுங்கள். பையை மூடி வையுங்கள், காகங்கள் ஆளைப் பார்த்து வைத்திருக்கும்.

இறங்குவதற்கு முன் கால் மணி நேரம்

வந்தவுடன் பிள்ளைகள் ஓடத் துடிப்பார்கள். துடிக்கட்டும். ஒரு பெரியவர் அவர்களைப் பிடித்து வைத்திருக்க, இன்னொருவர் தண்ணீரை நின்று பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது இதுதான். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை? இரண்டு பக்கமும் வெண்நுரை இருக்க நடுவில் ஒரு ஒழுங்கை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருமையாக, மேற்பரப்பு சுருங்கினாற்போலத் தெரிந்தால் அது இழுவை நீரோட்டம். அலையோடு உள்ளே வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குப் போகும் வழி அது. தெரியாதவர்கள் அதைத்தான் அமைதியான இடம் என்று நினைத்து இறங்குவார்கள். அடங்கிய குடாவிலும் முருகைக்கல் வரிசையில் இடைவெளி உள்ள இடத்தையும் பாறையோரத்தையும் சந்தேகப்படுங்கள். கலங்கலான தண்ணீரும் நுரையும் வெளிப்பக்கமாக நகர்கிறதா என்று பார்த்தால் விளங்கிவிடும்.

பிறகு ஊர் ஆட்களிடம் கேளுங்கள். படகுக்காரர், கடைக்காரர் யாராக இருந்தாலும் சரி. "பிள்ளைகள் குளிக்கிற இடம் எது?" என்று கேட்காமல் "யாரையாவது இழுத்துக்கொண்டு போன இடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நேராக வரும். உனவட்டுன, ஹிக்கடுவ, கல்கிசை போன்ற கரைகளில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் இருப்பார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு முன்னால் இறங்குங்கள். சிவப்புக் கொடி என்றால் வாதாட்டம் வேண்டாம். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் குளிக்கலாம்.

தண்ணீருக்குள்

நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு இடுப்பளவு என்பது அவர்களுடைய இடுப்பு, உங்களுடையது அல்ல. பெரியவர்கள் கடல் பக்கமாக, பிள்ளைகளைவிட ஆழத்தில், கரையைப் பார்த்தபடி நில்லுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பிள்ளைகள் முன்னால் போவார்கள், அப்பா பின்னால் கரையில் நின்று போனில் படம் எடுப்பார். கடைசியில் அலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒருவரும் இல்லை.

சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பார்வைக்கு எட்டும் தூரம் போதாது. மூழ்கும் பிள்ளை படங்களில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், மூச்செடுக்கவே நேரம் போதாது, கத்த எங்கே போகும்? சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் உடனே போய்ப் பிடியுங்கள். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து போனால் இன்னும் கவனம். மாமா பார்க்கிறார் என்று சித்தி நினைப்பார், சித்தி பார்க்கிறார் என்று மாமா நினைப்பார். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வையுங்கள். முறையில் இருப்பவர் போனைத் தொடக்கூடாது, குடித்திருக்கவும் கூடாது.

ரியூப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெற்குக் கரை டிசெம்பரிலும் தையிலும் அமைதியாக இருப்பதற்குக் காரணம் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. அதே காற்றுத்தான் ரியூப்பையும் பந்தையும் வெளியே தள்ளும். அலை இல்லாததால் திருப்பிக் கொண்டுவரவும் ஒன்றுமில்லை. கரையில் நின்று பார்த்தால் பந்து பத்தடி தள்ளி மெதுவாக மிதக்கிற மாதிரி இருக்கும். நீங்கள் மூன்று வீச்சு நீந்துவதற்குள் அது முப்பது அடி போயிருக்கும். பந்து போனால் போகட்டும், கடையில் இன்னொன்று வாங்கலாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ரியூப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை ஒரு பெரியவர் கையில் வைத்திருங்கள். அது மிதவை விளையாட்டுப் பொருள், உயிர்காப்பு அங்கி அல்ல.

இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கரையேற்றித் தலை எண்ணுங்கள். தண்ணீர் குடிக்க வையுங்கள், செவ்விளநீர் வெட்டுபவர் எப்படியும் பக்கத்தில் இருப்பார். முருகைக்கல்லை உடைப்பதும் எடுத்துவருவதும் சட்டப்படி குற்றம். மேலே ஏறி நிற்பதும் வேண்டாம்: காலும் வெட்டும், கல்லும் சாகும்.

ஏதாவது நடந்தால்

இழுவையில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, களைத்துப்போவீர்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். அந்த நீரோட்டம் அகலத்தில் குறுகியது, ஆகையால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிப் பிறகு அலையோடு திரும்புங்கள். இன்னொருவர் அகப்பட்டால் வெறுங்கையோடு பாய வேண்டாம். கயிறு, ரியூப், வெறும் தண்ணீர்க் கலன் என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் போவது நம் கரைகளில் அடிக்கடி நடப்பது.

தண்ணீர் குடித்து மயங்கியவரைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. செய்யாதீர்கள். மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சழுத்தம். பயிற்சி இருந்தால் நல்லது, வீட்டில் ஒருவராவது கற்றுவையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். காலிப் பக்கம் பெரிய வைத்தியசாலை கராப்பிட்டியவில். தேறிவிட்டார் என்று தோன்றினாலும் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் டொக்டரிடம் காட்டாமல் கொழும்புக்குத் திரும்ப வேண்டாம்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணலால் தேய்த்தாலும் எரிவு கூடும். கடல் முள்ளி (உடம்பெல்லாம் முள்ளாகக் கல்லில் ஒட்டியிருக்கும் உயிரினம்) குத்தினால் வெளியே தெரியும் முள்ளை மட்டும் பிடுங்கி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள்.

கடல் திடீரென்று உள்வாங்கி, அடிமணல் தெரிந்தால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஐப் பார்த்த கரை இது, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். உனவட்டுனவில் என்றால் அந்த மேடு ருமஸ்ஸலக் குன்று.

கரையேறி வீடு வர

பன்னிரண்டு மணிக்குள் குளியலை முடித்துவிட்டால் நல்லது. நல்ல தண்ணீரில் உப்புப் போகக் குளிப்பாட்டுங்கள், மடிப்புகளில் மணல் நின்றால் வழி முழுக்க அழுகைதான். ஷவருக்குக் கடைகளில் சில்லறை கேட்பார்கள், கையில் மாற்றிய காசு வைத்திருங்கள். சாப்பிட்டுவிட்டு வெயில் தணியக் காலிக் கோட்டைக்குள் நடக்கலாம். கோட்டைச் சுவரில் ஏறி நின்றால், எதிரே காலையில் குளித்த குன்று தெரியும்.

திருகோணமலை போனவர்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்விட்டு வாருங்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பிள்ளைகள் வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

வானை ஓட்டப்போகிறவர் காலை முழுக்கக் கடலில் நின்றவராக இருக்கக்கூடாது. வெயிலும் உப்பும் சோறும் சேர்ந்து அதிவேகப் பாதையில் நித்திரை தூக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டாவையில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும், ஆகையால் நான்கு மணிக்கே கிளம்பப் பாருங்கள். ரயிலில் வருவதானால் காலியிலிருந்து புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். மாத்தறையிலிருந்து வருவதில் களைத்த பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காது.